மின்விழி



இழந்த பார்வையை மீண்டும் பெற்ற அடியார் ஒருவரின் வரலாறு நம்மவர் பலரும் அறிந்ததொன்று. திருவொற்றியூரின் எல்லையைக் கடந்ததும் கண்ணொளி மறையப்பெற்ற சுந்தரமூர்த்தி நாயனாருக்குத் திருவெண்பாக்கத்திலே முதலில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியிலே ஒரு கண் கிடைத்தது. திருவாரூரிலேதான் மற்றைக் கண்ணும் கிடைத்தது. பார்வை அவருக்குப் படிப்படியாகவே மீண்டது. பார்வையிழந்தோருக்கு ஒளி தேடிப் புறப்பட்ட விஞ்ஞானமும் அவ்வாறே படிப்படியாகத்தான் செல்கின்றது. ஊன்றுகோலை அது கடந்துவிட்டது. கண்ணை இன்னும் அடையவில்லை. இடைவழியில் அது எங்கே நிற்கின்றது, அவ்விடத்திற்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, அதனை நம்பி முதலிற் சென்ற சிலருக்கு நேர்ந்தது யாது என்பனவற்றை இன்று உங்களுக்கு எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

செயற்கைக் கண் என்றதும், விபத்திலே கண்ணை இழந்தோர் தோற்றப் பொலிவுக்காக வைத்துக்கொள்ளும் கண்ணாடிக் கண்ணே சிலருக்கு நினைவுக்கு வரும். அது பார்ப்பவர்க்குக் கண், அணிந்தவர்க்கு அன்று. நாம் பேசப் புகுந்த கருவியோ தோற்றத்திற்கு உதவுவதன்று. செத்துப்போன ஒளியுணர் கலங்களின் வேலையை மின்சாரத்தைக் கொண்டு செய்விக்க முயல்வது அது. வசதிக்காக அதனை மின்விழி என்று அழைப்போம்.

மின்விழியின் வேலையை விளங்கிக்கொள்வதற்கு, இயற்கை விழியின் வேலையைச் சிறிது அறிதல் வேண்டும். கண்ணைக் கமராவுக்கு ஒப்பிடுவது வழக்கம். முன்னே தெளிந்த விழிவெண்படலம். அதற்குப் பின்னே வில்லை. உள்ளே, பின்சுவரிலே, படச்சுருள் இருக்கும் இடத்தில் விழித்திரை. ஒப்புமை இதுவரைதான் செல்லும். படச்சுருள் உயிரற்றது, விழித்திரையோ மூளையின் ஒரு கிளை என்று சொல்லத்தக்கது. கோல்கள், கூம்புகள் எனப்படும் ஒளியுணர் கலங்கள் அதிலே பன்னிரண்டு கோடிக்கு மேல் உள்ளன. அவை ஒளியை மின்குறிப்பாக மாற்றுகின்றன. அக்குறிப்புகளை இடையிலுள்ள நரம்புக்கலங்கள் வாங்கி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, வேண்டாதனவற்றைத் தள்ளி, வேண்டியனவற்றைத் திரட்டி, பார்வை நரம்பின் ஏறத்தாழப் பத்து இலட்சம் நார்கள் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. தலையின் பின்புறத்திலுள்ள மூளைப்பகுதி அவற்றை வாங்கியபின்னரே, "இது மாமரம், இது என் மகள் முகம்" என்னும் அறிவு பிறக்கின்றது. ஆகவே, கண் ஒளியை வாங்குகின்றது, காண்பது மூளை.

இந்த நெடுவழியில் எந்த இடம் பழுதுற்றது என்பதைப் பொறுத்தே மருந்தும் வேறுபடும். வில்லை மங்கினால் அது கண்புரை. மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்தும் சத்திரசிகிச்சை இன்று மிகச் சாதாரணமானது. விழிவெண்படலம் மங்கினால், இறந்தவர் ஒருவரின் வெண்படலத்தை எடுத்துப் பொருத்தலாம். இத்துறையிலே நமது நாடு உலகிற்கே வழங்கும் நிலையில் இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். டொக்டர் ஹட்சன் சில்வா அவர்களின் முயற்சியால் 1961ஆம் ஆண்டு தோன்றிய கண்தான சங்கம், 1964ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு முதன்முதலாக வெண்படலங்களை அனுப்பியது. அன்று தொட்டு இலங்கையர் விட்டுச்சென்ற கண்கள் பல்லாயிரம் பிறநாட்டாருக்கு ஒளி தந்துள்ளன.

"அவ்வாறாயின், எல்லாக் குருடும் கண்தானத்தால் நீங்காதோ?" என்று கேட்பவர் உளர். நீங்காது. தானமாகப் பெறும் கண்ணிலிருந்து இன்னொருவருக்குப் பொருத்திப் பார்வை தரத்தக்கது முன்னுள்ள வெண்படலமே. பின்னுள்ள விழித்திரையும் நரம்பும் பழுதுற்றால் அதனால் பயனில்லை. 2023ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிலே, முகத்தின் ஒரு பகுதியோடு முழுக் கண்ணையும் ஒருவருக்கு மாற்றிப் பொருத்தினர். மருத்துவ வரலாற்றில் அதுவே முதன்முறை. அந்தக் கண் உயிரோடிருந்தது. விழித்திரைக்குக் குருதியும் ஓடியது. ஆயினும் அக்கண் காணவில்லை. அறுந்த பார்வை நரம்பின் பத்து இலட்சம் நார்களை மூளையோடு மீள இணைக்கும் வித்தையை இன்னும் எவரும் கண்டறியவில்லை.

இனி, மின்விழிக்கு உரிய நோயாளர் யார் என்பதைப் பார்ப்போம். நோய்கள் சில ஒளியுணர் கலங்களை மட்டும் கொன்றுவிட்டு, அவற்றுக்கு அப்பாலுள்ள நரம்புக்கலங்களிற் பலவற்றை உயிரோடு விட்டுவிடுகின்றன. அவற்றுள் ஒன்று, விழித்திரையிலே நிறமிகள் படியச் செய்யும் பரம்பரை நோய். உலகில் ஏறத்தாழ நாலாயிரம் பேரில் ஒருவருக்கு இது உண்டு. இளமையில் மாலைக்கண்ணாகத் தொடங்கும். பின்னர் பார்வையின் ஓரங்கள் சுருங்கும். குழாய் ஒன்றின் ஊடாகப் பார்ப்பது போன்ற நிலை வரும். ஈற்றில் அக்குழாயும் அடைபட்டுப் போகலாம். மற்றொன்று முதுமையில் வருவது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து, ஓரப்பார்வை எஞ்சியிருக்க, நேரே பார்க்கும் பார்வை மட்டும் அழியும். இந்நோயுடையார் சுவரில் மோதாமல் நடப்பர். ஆனால் பேரப்பிள்ளையின் முகம் தெரியாது. பத்திரிகை வாசிக்க இயலாது. இவ்விரு நோய்களிலும் அஞ்சல் நிலையம் இடிந்துபோக, தந்திக் கம்பிகள் நிற்கின்றன. அக்கம்பிகளை வேறொரு வழியால் இயக்க முடியுமா என்பதே விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி.

கேள்வி புதியதன்று. 1755ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு வைத்தியர் சார்ல்ஸ் லெறுவா, பார்வையற்ற ஒருவரின் தலையைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் செலுத்தினார். நோய் நீங்கவில்லை, ஆனால் அம்மனிதர் தீச்சுடர் போன்ற ஒளியைக் கண்டதாகக் கூறினார். வெளியில் ஒளி இல்லாத போதும் மின்சாரம் நரம்பைத் தொட்டால் உள்ளே ஒளி தோன்றும் என்பதற்கு அது சான்று. 1929ஆம் ஆண்டு ஜேர்மனிய வைத்தியர் ஒற்பிரிட் பேர்ஸ்ரர், சத்திரசிகிச்சையின் போது விழிப்புடனிருந்த நோயாளியின் பின்மூளையை மின்வாயால் தொட, அவர் ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டார். 1956ஆம் ஆண்டு அவுஸ்திரேலியரான தசிக்கர் என்பார், ஒளியைக் கண்டால் மின்சாரம் தரும் செலீனியத் தகடொன்றை விழித்திரையின் பின்னே வைக்கும் முறையை விவரித்தார்.

1968ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஜைல்ஸ் பிரின்ட்லியும் வோல்பொல் லெவினும் செய்த சோதனை இத்துறையின் தலைவாயில் எனலாம். பார்வையிழந்த 52 வயதுப் பெண்மணி ஒருவரின் பின்மூளையின் மீது 80 மின்வாய்கள் கொண்ட தகட்டை அவர்கள் வைத்தனர். கம்பியில்லா முறையால் அவற்றுக்கு மின்னூட்டிய போது அப்பெண்மணி ஒளிப்புள்ளிகளைக் கண்டார். எந்த மின்வாயை இயக்கினால் எந்தத் திசையிற் புள்ளி தோன்றும் என்பதையும் அவர்கள் வரைபடமாக்கினர். பொறிகளின் பருமனும் மூளைச் சத்திரசிகிச்சையின் ஆபத்தும் அப்பணியை மேலே செல்லவொட்டாமல் தடுத்தன. ஆனால் கதவு திறந்துவிட்டது.

மூளையைத் திறவாமல், கண்ணின் உள்ளேயே மின்வாய்களை வைத்தால் என்ன என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. அமெரிக்காவில் மார்க் ஹுமாயூன் முதலிய கண்மருத்துவர்கள் பார்வையற்றோரின் விழித்திரையை நுண்ணிய கம்பியால் தொட்டு ஆராய்ந்தனர். இறந்துபோனதென்று கைவிடப்பட்ட விழித்திரை மின்சாரத்துக்கு மறுமொழி சொல்லிற்று. 1998ஆம் ஆண்டு கலிபோர்ணியாவிலே "செக்கண்ட் சைற்" என்னும் கம்பனி அமைந்தது. அதன் பெயருக்கு இரண்டாம் பார்வை என்பது பொருள். 2002ஆம் ஆண்டு தொடங்கி 16 மின்வாய்கள் கொண்ட முதற் கருவி ஆறு பேருக்குப் பொருத்தப்பட்டது. அடுத்து வந்ததே 60 மின்வாய்கள் கொண்ட "ஆர்கஸ் இரண்டு". கிரேக்க புராணத்திலே உடலெங்கும் கண்களைக் கொண்ட காவலனின் பெயர் ஆர்கஸ். நமது புராணத்து ஆயிரங்கண்ணனாகிய இந்திரனுக்கு ஒப்பானவன் எனலாம். ஐரோப்பா 2011ஆம் ஆண்டிலும், அமெரிக்கா 2013ஆம் ஆண்டிலும் இக்கருவிக்கு அனுமதி வழங்கின. ஒன்றின் விலை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் அமெரிக்க டொலராக இருந்தது.

அது வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். நோயாளி அணியும் மூக்குக் கண்ணாடியின் நடுவில் ஒரு சிறு கமரா இருக்கும். அது காணும் காட்சி கம்பி வழியாக இடுப்பிலுள்ள சிறு கணினிப் பெட்டிக்குச் செல்லும். பெட்டி அக்காட்சியை அறுபது புள்ளிகளாகச் சுருக்கும். பின்பு அது கண்ணாடியின் பக்கத்திலுள்ள சுருளுக்கு ஏறி, வானொலி அலையாகக் கண்ணைச் சுற்றிப் பொருத்தப்பட்ட மற்றொரு சுருளுக்குத் தாவும். அங்கிருந்து நுண்கம்பிகள் கண்ணினுள்ளே நுழைந்து, விழித்திரையின் மேல் நுண்ணிய ஆணியால் தைக்கப்பட்ட தகட்டைச் சென்றடையும். தகட்டிலுள்ள மின்வாய்கள் அதிர, நரம்புக்கலங்கள் விழிக்கும். நமது செய்தியும் இசையும் உங்கள் வீட்டுக்கு வரும் அதே அலை, அங்கே ஒரு மனிதனின் கண்ணுக்குள் காட்சியாகச் செல்கின்றது.

அவன் காண்பது என்ன? முற்றத்திலே கோலம் இடுபவர் முதலிற் புள்ளி வைப்பர் அல்லவா? ஆறு வரிசை, வரிசைக்குப் பத்துப் புள்ளி வைத்த ஒரு கோலத்தை எண்ணிக்கொள்ளுங்கள். புள்ளிகளை இணைக்கும் கோடுகள் இல்லை; நிறம் இல்லை; புள்ளிகளும் ஒழுங்காக நில்லாமல் பரவி, ஒன்றோடொன்று கலந்து, மினுங்கி மறையும். இருண்ட சுவரில் வெளிச்சமான வாயில் எங்கே, நடைபாதையின் ஓரம் எங்கே, எதிரே ஆள் வருகின்றாரா, மேசையிலே வெண்ணிறத் தட்டு எப்பக்கம் இருக்கின்றது என்பனவற்றைப் பலர் இதனால் அறிந்தனர். மிகப் பெரிய எழுத்துகளைச் சிலர் வாசித்தனர். முகம் எவருக்கும் தெரியவில்லை. கமரா கண்ணாடியில் இருப்பதால், கண்ணைச் சுழற்றிப் பயனில்லை. தலையைத் திருப்பித் திருப்பியே பார்க்க வேண்டும். இவ்வளவையும் பழகிக்கொள்ள மாதக்கணக்கான பயிற்சி வேண்டும்.

"இவ்வளவுதானா?" என்று கண்ணுடையோராகிய நாம் கேட்போம். பல்லாண்டுகளாக இருளிலேயே இருந்த ஒருவருக்கு, நிலவு எழும் திசை தெரிவதும், நத்தார் மரத்தின் விளக்குகள் மினுங்குவதும், வீட்டார் ஒருவர் அறைக்குள் வருவது நிழலாய்த் தோன்றுவதும் அற்பமல்ல. அதே வேளையில், இதனைப் "பார்வை மீண்டது" என்று தலைப்பிட்டு எழுதிய பத்திரிகைகள் உண்மையைக் கூட்டிச் சொல்லின என்பதையும் மறைத்தலாகாது. முதற் சோதனையில் சேர்ந்த முப்பது பேரில் பதினொருவருக்கு மூன்றாண்டுகளுக்குள் கடுமையான பக்கவிளைவுகள் தோன்றின. அவற்றிற் பெரும்பாலானவை சிகிச்சையால் தணிந்தன. நன்மையையும் விலையையும் இரண்டு தட்டிலும் வைத்து நிறுத்த பின்னரே இத்தகைய கருவியை ஏற்றல் வேண்டும்.

காதுக்கு இதுபோன்ற கருவி மிக நன்றாக வேலை செய்கின்றதே, கண்ணுக்கு மட்டும் ஏன் இத்தனை இடர்ப்பாடு என்ற ஐயம் எழலாம். மெல்போண் நகரில் பேராசிரியர் கிரேம் கிளார்க் 1978ஆம் ஆண்டு பொருத்திய செவிக்கருவியின் வழிவந்தவை இன்று இலட்சக்கணக்கானோருக்குப் பேச்சைக் கேட்கும் ஆற்றலைத் தருகின்றன. அவற்றில் இருபது சொச்சம் மின்வாய்களே உள்ளன. காரணம், பேச்சு என்பது நேரத்தோடு ஒழுகி வரும் ஒரு தொடர். சில சுரங்கள் குறைந்தாலும் தொடரைக் கொண்டு மூளை பொருளை ஊகித்துவிடும். காட்சியோ ஒரே கணத்தில் பரந்து கிடப்பது. ஒரு முகத்தைக் காட்ட ஆயிரக்கணக்கான புள்ளிகள் வேண்டும். அத்தோடு விழித்திரையின் நரம்புக்கலங்கள் பல வகையின. ஒரு வகை ஒளி பிறப்பதை அறிவிக்கும், மற்றொரு வகை ஒளி மறைவதை அறிவிக்கும். மின்வாய் இவை யாவற்றையும் ஒருங்கே தட்டி எழுப்புகின்றது. வீணையின் தந்திகளை விரலால் மீட்டாமல் உள்ளங்கையால் அடித்தால் எழும் ஓசையை ஒத்தது அது.

இக்குறையை நீக்கச் சிலர் வேறு வழி தேடினர். ஜேர்மனியின் ரியூபிங்கன் நகரிலே எபர்ஹார்ட் ஸ்ரென்னர் குழுவினர், ஏறத்தாழ 1,500 நுண் ஒளிமின்கலங்கள் கொண்ட சில்லை விழித்திரையின் அடியிலே வைத்தனர். அதில் வெளிக் கமரா இல்லை. கண் திரும்பும் திசையிலேயே காட்சியும் திரும்பும். 2013ஆம் ஆண்டு ஐரோப்பிய அனுமதி பெற்ற இக்கருவியைத் தயாரித்த கம்பனி 2019ஆம் ஆண்டு தன் பணியை நிறுத்திவிட்டது.

அண்மையில் உலகின் கவனத்தை ஈர்த்திருப்பது "பிரீமா" என்னும் சில்லு. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து டானியல் பலாங்கரின் ஆய்விலிருந்து பிறந்தது இது. நீளம் இரண்டு மில்லிமீற்றர், அகலம் இரண்டு மில்லிமீற்றர். தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் நூறில் மூன்று பங்கு. உளுந்தின் பருப்பிலும் சிறிய அச்சில்லிலே 378 புள்ளிகள். அதற்குக் கம்பியும் இல்லை, மின்கலமும் இல்லை. கண்ணாடியிலுள்ள பொறி, கமரா கண்ட காட்சியைச் செந்நிறக் கீழ்க்கதிராகக் கண்ணுள்ளே பாய்ச்சுகின்றது. வீட்டுக் கூரையிலுள்ள சூரியத் தகடு வெயிலை மின்சாரமாக்குவது போல, சில்லின் ஒவ்வொரு புள்ளியும் அக்கதிரை மின்சாரமாக்கி அருகிலுள்ள நரம்புக்கலத்தைத் தூண்டுகின்றது. செந்நிறக் கீழ்க்கதிர் இயற்கை விழிக்குத் தெரியாதாகையால், நோயாளிக்கு எஞ்சியிருக்கும் ஓரப்பார்வை கெடுவதில்லை. நடுவிலே செயற்கைப் பார்வையும் ஓரத்திலே இயற்கைப் பார்வையும் ஒரே கண்ணில் ஒன்றுசேருகின்றன.

முதுமையால் நடுப்பார்வை இழந்த 38 பேருக்கு ஐந்து ஐரோப்பிய நாடுகளில் இச்சில்லு பொருத்தப்பட்டது. சோதனையின் முடிவுகள் 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் வெளியாயின. ஓராண்டின் பின் பரிசோதிக்கப்பட்டோர் 32 பேர். அவருள் 26 பேர் பார்வைச் சோதனை அட்டையிலே முன்னிலும் இரண்டு வரிகளோ அதற்கு மேலோ வாசித்தனர். சராசரி முன்னேற்றம் ஐந்து வரிகள். கருவி எழுத்துகளைப் பெருப்பித்துக் காட்டும் வசதியும் இதிற் சேரும். எழுத்தை எழுத்தாகக் கூட்டி, மெல்ல மெல்ல வாசித்தாலும், வாசிப்பை என்றென்றைக்குமாக இழந்தோம் என்றிருந்தவர்கள் மீண்டும் வாசித்தார்கள். இங்கும் நிறம் இல்லை. முகத்தின் நயம் இல்லை. 19 பேருக்குக் கடுமையான பக்கவிளைவுகளும் ஏற்பட்டன, அவற்றிற் பெரும்பாலானவை இரண்டு மாதத்துள் தோன்றித் தணிந்தன. எனினும், அறுபது புள்ளிகளிலிருந்து எழுத்து வாசிப்புக்கு வந்தமை நெடிய ஒரு படி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பார்வை நரம்பே அழிந்தவர்க்கு விழித்திரைச் சில்லு உதவாது. அவர்க்காக மூளைவழி முயற்சியும் தொடர்கின்றது. 2018ஆம் ஆண்டு "ஓரியன்" என்னும் கருவி அமெரிக்காவில் ஆறு பேரின் பின்மூளை மீது சோதனையாக வைக்கப்பட்டது. ஸ்பெயின் நாட்டிலே பதினாறு ஆண்டுகள் பார்வையின்றி வாழ்ந்த 57 வயதுப் பெண்மணி ஒருவர், மூளையில் ஆறு மாதங்கள் வைக்கப்பட்ட நுண்ணூசித் தகட்டின் உதவியால் எளிய வடிவங்களையும் சில எழுத்துகளையும் இனங்கண்டார் என்னும் செய்தி 2021ஆம் ஆண்டு வெளியாயிற்று. இவை யாவும் இன்னும் ஆய்வுக்கூடத்தின் வாயிலைத் தாண்டாதவை.

நேயர்களே, இதுவரை கூறியது பொறியின் கதை. இனிக் கூறப்போவது மனிதரின் கதை.

ஆர்கஸ் இரண்டு என்ற கருவியை உலகெங்கும் 350 பேரளவில் தம் கண்ணுள் பொருத்திக்கொண்டனர். 2019ஆம் ஆண்டு அக்கம்பனி அக்கருவியைத் தயாரிப்பதை நிறுத்தி, மூளைக்கருவியின் பக்கம் திரும்பியது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் பணமுடை காரணமாக ஊழியரில் மிகப் பெரும்பாலோரை விலக்கியது. 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க மின்பொறியியலாளர் சங்கத்தின் சஞ்சிகை இதனை ஆராய்ந்து வெளியிட்ட போதுதான் உலகம் விழித்தது. கண்ணாடி உடைந்தால் மாற்றுக் கண்ணாடி இல்லை. பெட்டி பழுதுற்றால் திருத்துவார் இல்லை. நோயாளிக்கு வேறு நோய் வந்து தலையைப் படம்பிடிக்க வேண்டின், உள்ளேயிருக்கும் உலோகத்தால் தீங்கு வருமோ என்று கேட்டறிய ஆள் இல்லை. தாம் நம்பியிருந்த கம்பனியின் நிலை பலருக்கு முறையாக அறிவிக்கப்படவுமில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் அக்கம்பனி வேறொரு மருத்துவக் கம்பனியோடு இணைந்து, பெயரும் மாறிப்போயிற்று.

இது முதன்முறையுமன்று. வில்லியம் டோபெல் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 2002ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டிலே பார்வையற்றோர் பலருக்கு மூளைக்கருவி பொருத்துவித்தார். 2004ஆம் ஆண்டு அவர் காலமானதும், கருவிகளைப் பேணுவார் இல்லாது போயிற்று. பிரீமாவின் வரலாறும் இவ்வச்சத்திலிருந்து விடுபட்டதன்று. அதனை வளர்த்த பிரெஞ்சுக் கம்பனி கடன்பட்டு நொடிந்தது. 2024ஆம் ஆண்டு அமெரிக்கக் கம்பனி ஒன்று அதன் சொத்துக்களை வாங்கிய பின்னரே பணி தொடர்ந்தது.

கம்பனி நொடிவதும் தொழில் மாறுவதும் வாணிக உலகில் அன்றாட நிகழ்ச்சி. வாங்கிய வானொலிப் பெட்டி பழுதுற்று, உதிரிப்பாகம் கிடையாவிட்டால், வேறொன்று வாங்கலாம். கண்ணுக்குள் தைத்த கருவி அத்தகையதன்று. பிறவியில் இருந்தோ நோயினாலோ வந்த இருள் ஒருவகை. கண்டபின் மற்றொருவரின் கணக்குப் புத்தகத்தால் வந்த இருள் வேறுவகை. முன்னதற்கு விதியை நோவோம். பின்னதற்கு யாரை நோவது?

இக்கேள்விக்கு விடையாக அறிஞர் பலர் சில யோசனைகளைக் கூறிவருகின்றனர். மனித உடலினுள்ளே நிலையாகத் தங்கும் கருவியைச் செய்வோர், தாம் மூடப்பட்டாலும் நோயாளரைப் பேணுவதற்கெனத் தனி நிதியொன்றை முற்கூட்டியே ஒதுக்குதல் வேண்டும். கருவியின் வரைபடங்களும் கணினிக் கட்டளைகளும் நம்பகமான பொது நிறுவனமொன்றில் வைக்கப்பட வேண்டும். செய்தவர் கைவிட்டால் பிறர் எடுத்துத் திருத்த அது வழிசெய்யும். சத்திரசிகிச்சைக்குக் கையொப்பம் வாங்கும் முன்னர், "இது எத்தனை ஆண்டு ஓடும், நிறுத்தப்பட்டால் யார் பொறுப்பு, அகற்ற வேண்டின் செலவு யாருடையது" என்பவற்றை நோயாளிக்கு விளங்கும் மொழியிலே சொல்லுதல் வேண்டும். இவை விஞ்ஞானத்தின் கால்களைக் கட்டும் தளைகள் என்று சிலர் குறைகூறுவர். அவை விஞ்ஞானத்தின் மீது மக்கள் வைத்த நம்பிக்கையைக் காக்கும் வேலி என்பதே என் கருத்து. முதலிற் சென்றவரைக் கைவிட்ட பாதையிலே அடுத்து எவர் காலடி வைப்பார்?

நம் நேயர்களிற் சிலரது இல்லத்திலும் பார்வையிழந்தோர் இருக்கலாம். அவர்களுக்கு மூன்று செய்திகளைக் கூறி முடிக்கின்றேன்.

முதலாவது, மின்விழி எல்லாக் குருட்டுக்கும் உரியதன்று. குளூக்கோமாவினால் பார்வை நரம்பு அழிந்தவர்க்கும், பிறவியிலேயே பார்வை இல்லாதவர்க்கும் விழித்திரைச் சில்லு பயன்தராது. முன்னவருக்குச் செய்தி செல்லும் நரம்பு இல்லை. பின்னவரது மூளை காண்பதற்குப் பழகியதில்லை. ஆகவே, பத்திரிகையிற் செய்தி கண்டவுடன் காணியை ஈடுவைத்து வெளிநாடு செல்ல எண்ணாது, எந்த இடம் பழுதுற்றது என்பதைக் கண் வைத்திய நிபுணரிடம் முதலிற் கேட்டறியுங்கள். பரம்பரை விழித்திரை நோய்களுள் குறித்த ஒரு மரபணுக் குறையால் வரும் அரிய வகைக்கு, அம்மரபணுவைக் கண்ணுள் செலுத்தும் மருந்து 2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எவருக்கு எது பொருந்தும் என்பது நோயின் வகையை அறிந்தபின்னரே தெரியும்.

இரண்டாவது, கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. நீரிழிவு உடையோர் ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குடும்பத்திலே குளூக்கோமா இருந்தால் கண்ணின் அழுத்தத்தை அளப்பித்துக்கொள்ளுங்கள். நெருங்கிய இரத்த உறவுக்குள் மணம் செய்யும் வழக்கம் உள்ள குடும்பங்களில், மறைந்து நிற்கும் பரம்பரை நோய்கள் வெளிப்படும் வாய்ப்பு அதிகம். மாலைக்கண் உடையோர் உள்ள குடும்பத்தார் மணம் பேசுமுன் வைத்தியரோடு பேசுவது நன்று. உலகிலே பெருந்தொகையானோரின் கண்ணை மறைத்திருப்பது, சிறு சத்திரசிகிச்சையால் நீங்கும் கண்புரையே. பல கோடி செலவில் ஒருவருக்கு அறுபது புள்ளிகளைக் காட்டிய அதே உலகில், ஒரு மணி நேரத்துக்குள் நீக்கத்தக்க திரை நீக்கப்படாமல் எத்தனையோ முதியோர் இருளில் அமர்ந்திருக்கின்றனர்.

மூன்றாவது, மின்விழி வரும்வரை வாழ்வு காத்திருக்க வேண்டியதில்லை. வெண்பிரம்பும், புடைப்பெழுத்தும், பேசும் கணினியும், பார்வையற்றோர் பாடசாலையும் இன்றே கைக்கெட்டுவன. பார்வையிழந்த பிள்ளையை வீட்டின் மூலையில் இருத்தி வைத்தியத்துக்காகக் காலம் கடத்துவதிலும், அப்பிள்ளையைப் படிப்பித்துத் தன் காலில் நிற்கச் செய்வதே மேலான மருந்து. கருவி ஒரு நாள் நல்ல வடிவிலே வந்தால், கற்றுத் தேர்ந்த அப்பிள்ளையே அதனை ஏற்பதா விடுவதா என்று தானே ஆராய்ந்து முடிவுசெய்யும்.

சார்ல்ஸ் லெறுவா கம்பி கட்டிய நாளிலிருந்து இருநூற்றெழுபது ஆண்டுகளாக மனிதன் இருளின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றான். கதவு சிறிது திறந்து, சில புள்ளிகளாக ஒளி கசிகின்றது. அவ்வொளியை அகலச் செய்வது விஞ்ஞானிகளின் கடன். ஒருமுறை ஏற்றிய விளக்கு எண்ணெய் இன்றி அணைந்துபோகாமல் பார்ப்பது, சட்டம் செய்வோரும், பணம் இடுவோரும், கேட்டுக்கொண்டிருக்கும் நாமும் ஆகிய அனைவரதும் கடன்.